இரண்டாவது ஆள் வரட்டும்

வீட்டில் தேங்கிக் கிடக்கும் பொருட்களை நியாயமான விலைக்கு விற்பது பற்றிச் சில சிந்தனைகள்

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள் எமது பெரியவர்கள். புத்தி மட்டுமல்ல, அவசரக்காரனுக்கு விலையும் மட்டுத்தான். இதை இடம்பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பங்களுக்கு எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை. 1990 யூன் மாதத்தில் பலாலி, மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன், காங்கேசன்துறை ஆகிய இடங்களை விட்டுப் புறப்பட்டவர்களும், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தவர்களும், 2009இல் வன்னியில் ஊர் ஊராக இடம்மாறியவர்களும் இதை அனுபவித்தே அறிந்தவர்கள். சைக்கிள் கரியரில் ஏற்ற முடிந்ததை மட்டும் கொண்டு போனோம். பிறகு அதையும் வழியில் அரிசிக்கும் பால்மாவுக்கும் மருந்துக்குமாக விற்றோம். கேட்ட விலை கிடைக்கவில்லை. கிடைத்த விலைக்குக் கொடுத்தோம்.

விற்பதற்கு நேரம்கூடக் கிடைக்காதவர்களும் உண்டு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகளின் கட்டளையால் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், வீட்டையும் கடையையும் பாத்திர பண்டங்களையும் அப்படியே விட்டுப் போனார்கள். அவர்களுடைய உடமைகள் பிறர் கைகளுக்குப் போயின. எமது துயரத்தைப் பேசும்போது அயலவரின் துயரத்தையும் நினைப்பது நீதி.

இன்று நிலைமை வேறு. குண்டுச் சத்தம் இல்லை; ஓட வேண்டிய தேவை இல்லை. ஆனால் காணி விடுவிக்கப்பட்டு ஊருக்குத் திரும்பும் குடும்பத்துக்கும், இன்னும் உறவினர் வளவில் கொட்டில் போட்டிருக்கும் குடும்பத்துக்கும் கையில் காசு இல்லை. கிணறு இறைக்க வேண்டும், வேலி அடைக்க வேண்டும், விதை வெங்காயம் வாங்க வேண்டும். அப்போது வீட்டிலுள்ள ஏதாவதொன்றை விற்கும் எண்ணம் வருகிறது. அதில் தவறில்லை. ஆனால் அன்று அவசரத்தில் விற்ற பழக்கத்திலேயே இன்றும் விற்கிறோமா என்று நாம் எம்மையே கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரே ஆண்டில் இரண்டு சந்தைகள்

வலிகாமம் வெறுமையாவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன்னர், 1995 செப்டெம்பரில், அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் பியேர் ஒமிட்யார் என்னும் கணனி வல்லுநர் இணையத்தில் ஒரு சிறு ஏலச் சந்தையைத் தொடங்கினார். அதுவே 1997இல் 'ஈபே' என்று பெயர் மாற்றம் பெற்று உலகெங்கும் அறியப்பட்டது. அதில் முதன்முதலாக விற்பனையானதாகச் சொல்லப்படும் பொருள், சுவரில் சிவப்புப் புள்ளி விழுத்தும் ஒரு சிறிய ஒளிக்கருவி. அதுவும் பழுதடைந்தது. அது 14 டொலர் 83 சதத்துக்குப் போனது. ஒமிட்யாருக்கே ஆச்சரியம். "இது வேலை செய்யாது என்பது உங்களுக்குத் தெரியுமா?" என்று வாங்கியவரிடம் விசாரித்தார். தெரியும் என்றும், பழுதான ஒளிக்கருவிகளைச் சேகரிப்பதே தமது வழக்கம் என்றும் அவர் பதிலளித்தார்.

ஒரே ஆண்டில் உலகின் ஒரு மூலையில் உடைந்த பொருளுக்கு நல்ல விலை கிடைத்தது. எமது மூலையில் நல்ல பொருளுக்கு உடைந்த விலையும் கிடைக்கவில்லை. வித்தியாசம் பொருளில் இல்லை. அங்கே விற்றவருக்கு நேரம் இருந்தது, பலபேர் பார்த்தார்கள், அந்தப் பலபேருக்குள் அதை விரும்பிய ஒருவர் இருந்தார். எமக்கோ நேரம் இருக்கவில்லை. வாங்க வந்தவர் ஒருவர். எமது அவசரம் அவருக்குத் தெரிந்திருந்தது.

விலையைத் தீர்மானிப்பது யார்?

ஏலம் எமக்குப் புதியதல்ல. குருநகரிலும் பாசையூரிலும் கரைக்கு வரும் மீன் ஏலத்தில்தான் போகிறது. கோவில்களுக்கு நேர்த்தியாகக் கொடுக்கப்படும் சேவலும் ஆட்டுக்கடாவும் வாழைக்குலையும் ஏலம் கூறப்படுகின்றன. அப்போது என்ன நடக்கிறது என்பதைச் சற்றுக் கூர்ந்து பார்ப்போம்.

ஒரு பழைய கிறைண்டர் ஏலத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தம் மனதில் 12,000 ரூபாவரை கொடுக்கலாம் என்று எண்ணியிருக்கிறார். இன்னொருவர் 10,000 வரை போகத் தயார். மூன்றாமவர் 6,000 வரை. ஏலம் ஏறிக்கொண்டே போய், 10,000ஐத் தாண்டியவுடன் இரண்டாமவர் நிறுத்திவிடுவார். பொருள் முதலாமவருக்கு 10,000க்குச் சற்று மேலே முடியும். இப்போது சொல்லுங்கள், விலையைத் தீர்மானித்தவர் யார்? வாங்கிக்கொண்டு போனவர் அல்ல. வாங்காமல் வெறுங்கையோடு போன இரண்டாவது ஆள்தான்.

அந்த இரண்டாவது ஆள் வராமல், முதலாமவர் மட்டும் தனியாக உங்கள் படலையடிக்கு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "பழசுதானே அம்மா, மூவாயிரம் தரலாம்" என்றிருப்பார். அவர் மனதிலுள்ள 12,000 உங்களுக்கு ஒருபோதும் தெரியவந்திராது.

இதைக் கணக்காக ஆராய்ந்து 1961இல் எழுதியவர் வில்லியம் விக்றி என்னும் பொருளியலறிஞர். அவருக்கு 1996இல் நோபல் பரிசு கிடைத்தது. இணைய ஏலச் சந்தையும் ஏறக்குறைய இந்த முறையில்தான் நடக்கிறது. ஆனால் இதை விளங்கிக்கொள்ள நோபல் பரிசு தேவையில்லை. மரக்கறிச் சந்தையில் வியாபாரிகள் முன்கூட்டியே தமக்குள் பேசி ஒரே விலையில் நின்றால் விவசாயிக்கு என்ன நடக்கும் என்பது எமக்குத் தெரியும். அங்கே வியாபாரிகள் பலர் நின்றாலும் இரண்டாவது ஆள் இல்லை.

ஆகவே விற்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை விலை பேசுவதல்ல. இரண்டாவது ஆளைத் தேடுவது.

வெட்கமும் விலையைக் குறைக்கும்

அவசரம் மட்டுமல்ல, எமது சமூகத்தில் இன்னொன்றும் இரண்டாவது ஆளை வரவிடாமல் தடுக்கிறது. அது வெட்கம். "வீட்டுச் சாமானை விற்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள்" என்று ஊர் சொல்லும் என்ற பயம். அதனால் அயலுக்குத் தெரியாமல், பொழுதுபட்ட பின்னர், பின்வளவால் ஒரேயொருவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுகிறோம். ஊரின் வாயை மூடுவதற்கு நாம் கொடுக்கும் விலை பொருளின் பாதிப் பெறுமதியாகிவிடுகிறது.

கனடாவிலே எமது உறவினர்கள் கோடை காலத்தில் வீட்டு வாசலிலேயே மேசை போட்டு, பாவித்த உடுப்பையும் கோப்பையையும் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானையும் விற்கிறார்கள். அங்கே அது இழிவல்ல. அவுஸ்திரேலியாவில் புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் பாவித்த பொருட்களை விற்கும் கடைகளை நாடெங்கும் நடத்தி, அந்த வருமானத்தில் ஏழைகளுக்கு உதவுகிறார்கள். வசதியுள்ளவர்களே அக்கடைகளில் வாங்குகிறார்கள். பாவனையற்றதை விற்பது வறுமையின் அடையாளமல்ல. அது வீட்டைச் சீராக நடத்துபவரின் கெட்டித்தனம்.

எவற்றை விற்கலாம்?

"எல்லாவற்றையும் இழந்த எங்களிடம் விற்க என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பாருங்கள். இடம்பெயர்ந்த குடும்பங்களில் வேறொரு வகை மிகுதி உண்டு. ஒரு நிறுவனம் தந்த சட்டிபானைத் தொகுதியை மற்ற நிறுவனமும் தந்திருக்கும். வாளிகள், நுளம்பு வலைகள், தறப்பாள்கள் பிரிக்கப்படாமலே கிடக்கும். வெளிநாட்டிலிருந்து அனுப்பப்பட்ட மின்சாதனங்கள், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட பின்னர் மூலையில் நிற்கும் சிறுவர் சைக்கிள், மாற்றிய கைத்தொலைபேசி, கலியாணத்துக்கு வந்த கோப்பைத் தொகுதிகள், பிள்ளைகள் வெளியூர் போய்விட்டதால் ஆளில்லாத கட்டில், அலுமாரி, கதிரைகள் என்று பலதும் இருக்கலாம். ஓராண்டாக ஒருவரும் தொடாத பொருள் எதுவோ, அதைப் பற்றி யோசிக்கலாம்.

பித்தளை, வெண்கலப் பாத்திரங்களைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். கிடாரமும் குத்துவிளக்கும் செம்பும் பாத்திரமாக விலைபோகும்போது வேறு விலை. உலோகமாக நிறுக்கப்படும்போது வேறு விலை. அதேபோல் பழைய பெட்டகம், செதுக்கு வேலையுள்ள கதவு, கைவேலைப்பாடுள்ள வாங்கு ஆகியவற்றைத் தேடி வருபவர்கள் உண்டு. அவர்கள் தேடி வருகிறார்கள் என்பதே அதற்கு விலையுண்டு என்பதற்குச் சாட்சி. முதலில் வந்தவருக்கே கொடுத்துவிட வேண்டியதில்லை. மிகப் பழைய பொருட்களில் ஒரு சட்டமும் உண்டு. 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவை தொல்பொருட்கள் என்று இலங்கைச் சட்டம் கருதுகிறது. அவற்றைத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது.

நாட்டு நிலைமையும் விலையை மாற்றும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய மோட்டார் சைக்கிள்களின் விலை ஏறியது. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில், கவனிப்பாரற்றுக் கிடந்த சைக்கிள்களையும் ஆட்கள் தேடி வாங்கினார்கள். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதமாக இருந்தது. அப்படியான காலத்தில், முன்பு வாங்கிய விலையை மனதில் வைத்துக்கொண்டு விற்பவர் நட்டப்படுவார். இன்று அதே பொருள் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்த பின்னரே வாய் திறக்க வேண்டும்.

எவற்றை விற்கக் கூடாது?

பழைய ஏற்பாட்டில் இணைச்சட்டம் 24ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை உண்டு. கடனுக்கு ஈடாக ஒருவனுடைய திரிகைக் கல்லை எடுக்கக் கூடாது. அது அவனுடைய உயிரையே ஈடாக எடுப்பதற்குச் சமம் என்று அது விளக்குகிறது. அன்றாட உணவுக்கு மா அரைக்கும் கல் போய்விட்டால் அந்தக் குடும்பம் எதைக் கொண்டு வாழும்? கடன் கொடுத்தவனுக்குச் சொல்லப்பட்ட இந்தக் கட்டளையை, விற்பதற்கு முன்னர் நாம் எமக்கும் சொல்லிக்கொள்ள வேண்டும். உழைக்கும் கருவி உயிருக்குச் சமம்.

விவசாயிக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின், மண்வெட்டி, மருந்து தெளிக்கும் கருவி, விதை ஆகியவையே திரிகைக் கல். தைத்துச் சம்பாதிக்கும் தாய்க்குத் தையல் மெசின். இன்று காணி இல்லை, மெசின் சும்மா கிடக்கிறது என்று விற்றால், நாளை காணி விடுபடும்போது புதிய மெசினுக்குக் கடன்பட வேண்டிவரும். கடன்பட்டு வாங்குவதைவிட, எண்ணெய் போட்டுச் சாக்கால் மூடி வைப்பது மலிவு. காணி விடுபடும்வரை அயலவருக்கு வாடகைக்கும் விடலாம்.

அடுத்ததாக, கடதாசிகள். அலுமாரி, பெட்டகம், சூட்கேஸ் எதை விற்பதானாலும் லாச்சிகளையும் அடித்தட்டையும் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். காணி உறுதி, பிறப்பு, விவாக, இறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், பழைய குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவை அங்கே இருக்கலாம். காணியை மீளப் பெறுவதற்கு உங்களிடமுள்ள ஒரே சாட்சி அந்த உறுதியாக இருக்கலாம்.

ஏட்டுச் சுவடிகளையும் பழைய புத்தகங்களையும், 1876ஆம் ஆண்டு தொடங்கிய எமது 'பாதுகாவலன்' பத்திரிகையின் பழைய பிரதிகளையும் சரை சுற்றும் கடைக்கு நிறுத்துக் கொடுக்காதீர்கள். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு போனவற்றுள் மீளக் கிடைக்காதவை ஏராளம். எஞ்சியவை எமது வீடுகளில்தான் இருக்கின்றன. நூலகம் நிறுவனம் போன்றவை அவற்றைப் படம்பிடித்து இணையத்தில் பாதுகாக்கின்றன. காட்டிவிட்டு மீண்டும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

சீதனமாக வந்த பாத்திரங்களும் நகைகளும் அந்தப் பெண்ணுடையவை. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று பிரித்துப் பார்க்கும் தேசவழமை எமது மண்ணின் வழமை. மனைவியைக் கேளாமல், அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து வெண்கலப் பானையைக் கொண்டுபோய் விற்றுக் குடிப்பவர் வியாபாரம் செய்யவில்லை. அது களவு.

காணாமல் ஆக்கப்பட்ட ஒரு பிள்ளையின் சைக்கிளோ, சேட்டோ, கொப்பிகளோ ஒரு வீட்டில் இருந்தால், அதைச் "சும்மா கிடக்கும் பொருள்" என்று எவரும் சொல்லாதிருப்போமாக. அந்தத் தாய் அதை விற்கும்படி நாம் ஆலோசனை சொல்லவும் வேண்டாம். அதற்கு விலையில்லை.

கடைசியாக, மிக முக்கியமான எச்சரிக்கை. மீள்குடியேறிய காணியிலோ பற்றைக்குள்ளோ கிணற்றடியிலோ கிடக்கும் இரும்பைப் பழைய இரும்பு விலைக்குப் போகும் என்று எடுக்காதீர்கள். அது வெடிக்காத எறிகணையாக இருக்கலாம். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். தொடாமல், இடத்தை அடையாளப்படுத்திவிட்டுக் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ மிதிவெடி அகற்றுபவர்களுக்கோ அறிவியுங்கள்.

கைத்தொலைபேசியில் விற்பது எப்படி?

இன்று இரண்டாவது ஆளைத் தேட ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. இலங்கையில் 2012இல் தொடங்கிய 'இக்மன்' என்னும் விளம்பரத் தளத்தில் தமிழிலும் விளம்பரம் போடலாம். சிங்களத்தில் அந்தப் பெயருக்கு 'விரைவு' என்று பொருள். பெயர் விரைவாக இருந்தாலும் விற்பவர் ஆறுதலாக இருப்பது நல்லது. முகநூலிலும் விற்பனைப் பகுதி உண்டு. ஊர் மக்களின் வட்ஸ்அப், வைபர் குழுக்களும் உண்டு. இவற்றில் பெரும்பாலும் நடப்பது ஏலமல்ல; விளம்பரமும் பேரமும்தான். ஆனால் பலபேர் பார்க்கிறார்கள் என்பதால் ஏலத்தின் பயன் கிடைக்கிறது. ஈபே போன்ற வெளிநாட்டு ஏலத் தளங்களுக்குப் பாரமான பொருட்களை இங்கிருந்து அனுப்பினால் தபாற் செலவு விலையைத் தின்றுவிடும். எனினும் அங்கே ஒரு பொருள் உண்மையில் என்ன விலைக்கு விற்று முடிந்தது என்று பார்க்கும் வசதி உண்டு. கேட்கும் விலை வேறு, விற்று முடிந்த விலை வேறு. பழைய முத்திரை, கோப்பை, கமெரா போன்றவற்றின் பெறுமதியை அறிய அது உதவும். உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டால் பார்த்துச் சொல்லும்.

விளம்பரம் போடுபவர் கவனிக்க வேண்டியவை:

1. பொருளை நன்றாகத் துடைத்து, காலை வெளிச்சத்தில் படம் எடுங்கள். முன்புறம், பின்புறம், உட்புறம் மூன்றும் தெரியட்டும்.

2. குறையை மறைக்காமல் அதையும் படம் எடுங்கள். "இடது கால் ஒட்டுப்போட்டது", "மோட்டர் வேலை செய்யும், மூடி இல்லை" என்று எழுதுங்கள். பழுதான ஒளிக்கருவிக்கும் ஆள் இருந்தது என்பதை மறக்க வேண்டாம். உண்மை சொன்னால் வாங்குபவர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகமாட்டார்.

3. நீளம், அகலம், எத்தனை ஆண்டு பாவித்தது, எந்த ஊரில் வந்து பார்க்கலாம் என்பவற்றை எழுதுங்கள். வீட்டு விலாசத்தை எழுத வேண்டாம்.

4. இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்ற அடிவிலையை முதலே குடும்பமாக இருந்து தீர்மானியுங்கள். அதை வெளியில் சொல்ல வேண்டாம்.

5. முதல் அழைப்பிலேயே "சரி" சொல்லாதீர்கள். "இன்னும் இரண்டொருவர் கேட்டிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன்" என்று சொல்வதற்கு, உண்மையாகவே இரண்டொருவர் கேட்கும்வரை பொறுத்திருங்கள். பொய் சொல்ல வேண்டாம், பொறுமை போதும்.

நீதிமொழிகள் நூலின் 20ஆம் அதிகாரத்தில் வாங்குபவனின் குணம் ஒன்று காட்டப்படுகிறது. வாங்கும்போது பொருளைக் கூடாது கூடாது என்று குறைசொல்லி, வாங்கிக்கொண்டு போன பின்னர் தன் கெட்டித்தனத்தைப் புகழ்கிறான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அவன் மாறவில்லை. அவன் குறைசொல்லும்போது நாம் தளர்ந்துவிட வேண்டாம்.

ஏமாறாதிருக்க

காசு கைக்கு வந்த பின்னரே பொருளைக் கொடுங்கள். வங்கியில் போட்டதாக ஒருவர் பற்றுச்சீட்டின் படத்தை அனுப்பினால் அது காசாகாது; உங்கள் கணக்கில் வந்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே நம்புங்கள். "காசு அனுப்ப உங்கள் தொலைபேசிக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்பவர் காசு அனுப்புபவரல்ல, காசு எடுப்பவர். வங்கி அட்டையின் இலக்கத்தையும், தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தையும் எவருக்கும் சொல்ல வேண்டாம். கையளிப்பதைப் பகலில், ஆட்கள் நடமாடும் இடத்தில், இன்னொருவரையும் கூட்டிச் சென்று செய்யுங்கள். பெண்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு முன்பின் தெரியாதவரை அழைக்க வேண்டாம்.

கைத்தொலைபேசியை விற்பதானால் சிம்மைக் கழற்றி, படங்களையும் கணக்குகளையும் முற்றாக அழித்துவிட்டுக் கொடுங்கள். மோட்டார் சைக்கிளை விற்பதானால், பெயர் மாற்றாமல் வெறும் பத்திரத்தில் கையெழுத்து வைத்துக் கொடுக்கும் வழக்கத்தை விடுங்கள். நாளை அந்த வாகனம் விபத்துக்கோ குற்றத்துக்கோ உட்பட்டால் விசாரணை உங்கள் படலைக்கே வரும்.

அடகு வைத்த நகை

எமது மக்களுக்கு நகைதான் வங்கி. மீட்கப்படாத நகைகளை வங்கிகளும் அடகு கடைகளும் ஏலத்தில் விற்கின்றன. அதற்கு முன்னர் அறிவித்தல் அனுப்பப்படும். ஆனால் எங்கே? நீங்கள் அடகு வைத்தபோது கொடுத்த விலாசத்துக்கு. இடம்பெயர்ந்தவருக்கு அந்த விலாசத்தில் வீடும் இல்லை, கடிதம் வாங்க ஆளும் இல்லை. ஆகவே இடம் மாறியவுடன் செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்று, புதிய விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் அங்கே எழுத்தில் கொடுப்பது. முழுவதும் மீட்க முடியாவிட்டால் வட்டியைக் கட்டித் தவணையைப் புதுப்பிக்க முடியுமா என்று கேளுங்கள். ஏலத்தில் போய்விட்டால், கடனும் வட்டியும் கழித்து மீதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

பங்கில் ஒரு பொது விற்பனை

கைத்தொலைபேசி இல்லாத குடும்பங்களும், எழுதத் தெரியாத முதியவர்களும் உண்டு. அவர்களுக்காகப் பங்கு மட்டத்தில் ஒரு முயற்சியைச் சிந்திக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறு திருப்பலிக்குப் பின்னர், மண்டபத்திலோ வேப்பமர நிழலிலோ பாவித்த பொருட்களின் ஏலம் ஒன்றை வைப்பது பெரிய காரியமல்ல.

சில ஒழுங்குகள் வேண்டும். பொருட்களுக்கு இலக்கம் மட்டும் இருக்கட்டும். எவருடையது என்ற பெயர் வேண்டாம். கொடுப்பவரின் மானம் காக்கப்பட வேண்டும். வசதியுள்ள குடும்பங்களும் தம்முடைய பாவனையற்ற பொருட்களை அங்கே கொண்டுவந்தால், எது ஏழையின் பொருள் எது பணக்காரரின் பொருள் என்று எவருக்கும் தெரியாது. இரண்டு கிழமைக்கு முன்னரே இளைஞர் சிலர் படங்களை எடுத்து அயற்பங்குகளின் குழுக்களுக்கு அனுப்ப வேண்டும். இந்து, முஸ்லிம் அயலவரையும் அழைக்க வேண்டும். கூட்டம் கூடினால்தான் இரண்டாவது ஆள் வருவார். உரிமையாளர் தம் அடிவிலையைக் கடதாசியில் எழுதி ஒட்டிக் கொடுக்கலாம். அதற்குக் கீழே போனால் பொருள் அவருக்கே திரும்பும். விலையை ஏற்றுவதற்காக உரிமையாளரின் ஆளே பொய்யாகக் கேள்வி கேட்பதை அனுமதிக்கக் கூடாது.

இன்னொன்று. எமது மரக்கறிச் சந்தைகளில் நூற்றுக்குப் பத்து என்று கழிவு வெட்டும் வழக்கத்துக்கு எதிராக வடபகுதி விவசாயிகள் குரல் கொடுத்து வருகிறார்கள். கோவில் வளவில் நடக்கும் விற்பனையில் ஒரு சதமும் கழிவு இருக்கக் கூடாது. முழுப் பணமும் பொருளுக்குரியவருக்கே போக வேண்டும்.

கிடைத்த காசு எங்கே போகும்?

விற்ற காசு மடியில் நிற்காது. ஒரு பொருளை விற்றால் அது இன்னொரு பொருளாக மாற வேண்டும் என்பதைக் குடும்பத்தின் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். அலுமாரி நாலு கோழியாகட்டும். கோப்பைத் தொகுதி ஒரு அந்தர் விதை வெங்காயத்தின் பங்காகட்டும். பழைய கட்டில் கிணறு இறைக்கும் கூலியாகட்டும். உடனடித் தேவை இல்லையென்றால் ஊரிலுள்ள சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்டுவையுங்கள். எதற்காக விற்கிறோம் என்பதை விற்பதற்கு முன்னரே எழுதி வைப்பது நல்லது. எழுதுவதற்குக் காரணம் எதுவும் வரவில்லையென்றால், அந்தப் பொருளை இப்போது விற்க வேண்டிய தேவையில்லை.

வாங்குவோருக்கும் ஒரு சொல்

இந்தப் பக்கங்களை வாசிப்போரில் விற்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் இருப்பீர்கள். இன்று விற்கும் நாமே நாளை இன்னொருவரின் படலையடியில் வாங்க நிற்போம். அப்போது, மருந்துக்குக் காசில்லாமல் ஒருவர் தம் பொருளை நீட்டினால், அவருடைய அவசரத்தை எமது இலாபமாக்காதிருப்போம். அவர் தனியாக நிற்கிறார். அவருக்காக ஏலம் கேட்க வேறொருவரும் இல்லை. அந்த இடத்தில் இரண்டாவது ஆள் கொடுத்திருக்கக்கூடிய விலை என்னவென்று எமது மனச்சாட்சியிடம் கேட்டு, அதைக் கொடுப்போம். 1995இல் வழிநெடுக விற்றுக்கொண்டு நடந்த எமக்கு அந்த விலை என்னவென்று நன்றாகத் தெரியும்.